மலிவு பெயிண்டுக்கு நாங்கள் கொடுத்த விலை

வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச கதையை இயற்கை விவசாயப் பத்திரிகையில எதுக்கு எழுதறேன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. போன மாசக் கூட்டத்தில் விதை சேமிப்பு பற்றிப் பேச்சு வந்தபோது, எங்கள் வீட்டு விதை அறையில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கிட்டிருந்த பத்துப் பேரில் ஆறு பேர், “எங்க வீட்லயும் அதே கதைதாங்க” என்றார்கள். அப்புறம்தான் எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். நாலு ஏக்கர் நிலம், பதினாலு வருஷமா ரசாயனம் போடாத நிலம். வீடு தாத்தா காலத்தது. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே நாட்டு ஓடு. பின்பக்கம் சமையலறையும் இன்னொரு அறையும் மட்டும் நான் பிற்பாடு சிமெண்டில் கட்டினது.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியக்காலையில் கஜா புயல் அடிச்சது. தென்னை போனது, ஓடு பறந்தது, சுவர் ரெண்டு நாள் மழையில் நனைந்தது. அதுக்கு ரெண்டே மாசத்தில், தை மாதம், மகள் கல்யாணம். முன்னாடியே நிச்சயம் பண்ணின தேதி, தள்ளிப்போட முடியல. ஓடு மாத்தவே கையிலிருந்த பணம் போயிடுச்சு. சுவருக்கு ஏதாவது அடிச்சாகணும். நாலு ஊர் சனம் வரும்ல?

பெயிண்டர் தம்பி நல்ல பிள்ளை. “மாமா, சுண்ணாம்பு அடிக்க இப்ப ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. மேலயே பட்டி பார்த்து எமல்ஷன் ஓட்டிடலாம். கம்பெனிப் பெயிண்ட்னா விலை தாங்காது. லோக்கல்ல ஒண்ணு வருது, இருபது லிட்டர் பக்கெட் 1,900 ரூவாதான்” என்றார். கடையில் நல்ல கம்பெனி பக்கெட்டின் விலை அதைப்போல நாலு மடங்கு. நான் கேள்வியே கேட்கல. மூணு பக்கெட் வாங்கிட்டு வந்தோம்.

ரெண்டு கோட்டில் முடியும்னார். பழைய கறை தெரிஞ்சதால் மூணாவது கோட் ஓட வேண்டியதாப் போச்சு. ஆனாலும் கல்யாணத்தன்னிக்கு வீடு பளிச்சுன்னு இருந்தது. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. யூரியா போட்ட வயல் பதினைஞ்சாம் நாள் கரும்பச்சையா நிக்குமே, அந்த மாதிரி.

இன்னொரு வேலையும் நானே பண்ணினேன். டிராக்டர் கேஜ்வீலுக்கு அடிக்க வாங்கின மஞ்சள் பெயிண்ட் அரை டப்பா மிச்சம் இருந்தது. நல்ல எலுமிச்சை மஞ்சள். டப்பாவில் கம்பெனி பேரைத் தவிர ஒரு விவரமும் கிடையாது. வீணாப் போகுதேன்னு கூடத்து ஜன்னல் கம்பிக்கும் சட்டத்துக்கும் அதையே அடிச்சுட்டேன். விவசாயி புத்தி, எதையும் தூக்கிப் போட மனசு வராது.

முதல் மழை, ரெண்டாவது மழை

2019 ஐப்பசி மழையிலேயே சுவரில் கொப்புளம் கிளம்பிச்சு. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்னது. விரல் வச்சு அழுத்தினா உடைஞ்சு உள்ளேருந்து வெள்ளை உப்பு கொட்டும். கையால் தடவினால் கை முழுக்க மாவு.

2020 கார்த்திகை, மார்கழியில் புரெவி புயல் மழை. அந்த வருஷம் பாதிச் சுவர் உரிஞ்சு தொங்குச்சு. வீட்டுக்காரி தினமும் காலையில் கூட்டும்போது முறத்தில் ஒரு பிடி பெயிண்ட் சில்லு சேரும். “ஏங்க, சுண்ணாம்பு அடிச்ச காலத்துல பொடி கொட்டும், இப்படித் தோல் உரியலையே” என்றாள். நான் புயலைக் குறை சொன்னேன்.

விதை அறையில் ஒரு வாடை வர ஆரம்பிச்சது. ஈர மண்ணும் பூஞ்சையும் கலந்த வாடை. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் வாங்கின 2 கிலோ பூங்காரைப் பெருக்கி, 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தது போக, வருஷா வருஷம் விதை எடுத்து வச்சுக்கிட்டிருந்தேன். குறுவை அறுத்து, காய வச்சு, மழைக்காலம் முழுக்க அந்த அறையில்தான் கிடக்கும். மூட்டைகள் சுவரில் சாய்ஞ்சிருக்கும். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான், ஒண்ணும் ஆனதில்லை.

2021 வைகாசியில் முளைப்பு பார்த்தேன். நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வச்சு, முளைச்சதை எண்ணினேன். 41. நம்பாமல் இன்னொரு நூறு வச்சேன். 38. சான்று விதை நெல்லுக்கு 80 சதவீதம் முளைக்கணும்னு விதி. மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தா, சுவர்ப் பக்கம் இருந்த நெல் கட்டி கட்டியா ஒட்டி, கரும்புள்ளி பிடிச்சுக் கிடந்தது. அந்தக் குறுவைக்கு ஊர் ஊராப் போய் விதை கேட்டு வாங்கினேன். மத்தவங்களுக்கு விதை கொடுத்துக்கிட்டிருந்தவன், வாசல்ல போய் நின்னேன்.

ஜன்னல் ஓரத்துப் பேத்தி

அதே வைகாசி மாசம்தான் ஊரடங்குக்கு மகள் வந்து எங்களோட தங்கினாள். பேத்திக்கு அப்போ ஒண்ணேகால் வயசு. கூடத்து ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் பழகினாள். ஜன்னலுக்கு வெளியே மாட்டுக்கொட்டகை, கன்னுக்குட்டி. பொழுதன்னிக்கும் அங்கேயே நிப்பாள். பல் முளைக்கிற வயசு, ஜன்னல் சட்டத்தைக் கடிப்பாள். நாங்க பார்த்துச் சிரிப்போம்.

ஆடி மாசத்தில் பிள்ளை சரியாச் சாப்பிடல, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதது, வெளிறிப் போயிருந்தது. தஞ்சாவூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். ரத்தசோகைன்னு சொன்னவர், “வேற எதையாச்சும் வாயில வைக்குதாம்மா? மண்ணு, சுவரு, பெயிண்ட் சில்லு?” என்று கேட்டார். மகள் ஜன்னல் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன பெயிண்ட்டுங்க அது?” என்றார்.

ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மாதிரியைச் சென்னைக்கு அனுப்பினார். ஒரு டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்று வந்தது. 5 தொட்டாலே அது எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது. பெரியவங்க உடம்பு இழுக்கிறதைவிட நாலு அஞ்சு மடங்கு ஈயத்தைக் குழந்தை உடம்பு இழுத்துக்கும். அது வளருகிற மூளையைத்தான் முதல்ல தொடும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது.

பூராவும் அந்த ஜன்னலிலிருந்துதான் வந்ததுன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லல. “ஆனா முதல்ல அதை நிறுத்துங்க” என்றார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. பேத்திக்குக் கொடுக்கிற கேழ்வரகு நம்ம வயல்ல விளைஞ்சது, பால் நம்ம மாட்டுப் பால், கீரை கொல்லைக் கீரை. ஒரு சொட்டுப் பூச்சிமருந்து அவள் வாயில் படக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். விஷத்தை ஜன்னலில் பூசி வச்சது நான்.

மஞ்சளுக்குள் என்ன இருந்தது

பெயிண்டில் ஈயம் எதுக்கு? சீக்கிரம் காய, நிறம் எடுப்பாத் தெரிய, துரு பிடிக்காமல் இருக்க. பளீர் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் மலிவான வழி. ஈயம் கேடுன்னு உலகத்துக்கு இன்னிக்கு நேத்துத் தெரிஞ்சது இல்ல. வீட்டுக்குள்ளே வெள்ளை ஈயப் பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே உடன்படிக்கை போட்டது.

நம்ம நாட்டில் 2016ஆம் ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி கொண்டு வந்தது. வீட்டுக்கான, அலங்காரத்துக்கான பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 2017 நவம்பர் 1 முதல் அது அமலில் இருக்கு. ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இல்லைன்னு டப்பாவிலேயே அச்சடிச்சிருக்கணும். தயாரிச்சவர் பேர், முகவரி, மாதம் வருஷம், பேட்ச் எண் எல்லாம் இருக்கணும்.

இதில் நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. இந்த விதி வீட்டுப் பெயிண்டுக்கு. டிராக்டர், டிரெய்லர், கலப்பை, மோட்டார், இரும்பு சாமான்களுக்குன்னு விக்கிற பெயிண்டை இந்தக் கணக்கில் எடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ளே கொண்டு வராதீங்க. மிச்சம் இருக்கேன்னு ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் நடைவண்டிக்கும் அடிக்காதீங்க. நான் அடிச்சேன்.

மலிவு எங்கே ஒளிஞ்சிருக்கு

அதுக்கப்புறம்தான் பெயிண்டுன்னா என்னன்னு உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எந்தப் பெயிண்டிலும் நாலு சரக்கு. நிறத்தையும் மறைப்பையும் கொடுக்கிற சாயம். அதைச் சுவரில் பிடிச்சு வைக்கிற பசை. கலக்கிக் கொடுக்கிற தண்ணி அல்லது தின்னர். அளவைக் கூட்டுகிற நிரப்புப் பொடி.

வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடுன்னு ஒரு பொடி. விலை கூடின சரக்கு. பசையும் அப்படித்தான். மலிவுப் பெயிண்டில் இந்த ரெண்டையும் குறைச்சு, சாக்குப் பொடியையும் களிமண் பொடியையும் கூட்டிடுவாங்க. மறைப்பு குறைவு, அதனால்தான் மூணாவது கோட். பசை குறைவு, அதனால்தான் கையில் மாவு. நெல்லு மூட்டையில் பதர் கலந்த மாதிரி. எடை இருக்கும், அரிசி இருக்காது.

ஆனா எங்க பழைய சுவர் உரிஞ்சதுக்கு மலிவு மட்டும் காரணம் இல்ல. இதைச் சொன்னவர் எங்க ஊர்ப் பெரிய கொத்தனார். எழுபது தாண்டினவர். சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, “ஏம்ப்பா, இதுல நீ விலை கூடின பெயிண்ட் அடிச்சிருந்தாலும் நிக்காது. இது சுண்ணாம்புச் சுவரு. கீழேருந்து தண்ணி ஏறும், மேல காத்துல ஆறிப் போயிடும். நீ பிளாஸ்டிக் பை மாட்டின மாதிரி பண்ணிட்ட. தண்ணி எங்க போகும்?” என்றார்.

அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஓதம் தடுக்கிற பூச்சு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியா ஏறத்தான் செய்யும். சுண்ணாம்பு மூச்சு விடும், அதனால் ஈரம் வெளியே போயிடும். எமல்ஷன் படலம் அதை அடைச்சது. உள்ளே நின்ன தண்ணி உப்பைக் கொண்டு வந்து படலத்துக்குப் பின்னாடி சேர்த்தது. உப்பு பூத்து, படலத்தைத் தள்ளிச்சு. போக்கிடம் இல்லாத ஈரம் விதை அறைக்குள் சாய்ஞ்சு கிடந்த மூட்டையைப் பிடிச்சது.

மண்ணுக்கு மூச்சு வேணும்னு பதினாலு வருஷமா ஊரெல்லாம் பேசறேன். சொந்தச் சுவர் விஷயத்தில் அது புரியல.

உரிச்சு எடுத்தது

ஜன்னலை உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத்தான் கிளம்பினேன். டாக்டர் முன்னாடியே எச்சரிச்சிருந்தார். காய்ஞ்ச பெயிண்டைத் தேய்ச்சா தூசி வீடு முழுக்கப் பறக்கும், கடிக்கிறதைவிட அது மோசம். தீ வச்சு உருக்கவும் கூடாது.

மகளையும் பேத்தியையும் முதலில் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினோம். தரையில் தார்ப்பாய் விரிச்சு, ஜன்னலில் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, ஈரமாவே சுரண்டினோம். முகத்தில் நல்ல மாஸ்க். வேலை முடிஞ்சதும் ஈரத்துணியால் தரையை மூணு தடவை துடைச்சோம். துடைப்பம் போடல. கதவை மட்டும் கழட்டிப் புதுசு போட்டோம்.

சுரண்டின சில்லை என்ன பண்றது? நம்ம பழக்கம் கொல்லையில் கொட்டறது, எருக்குழியில் போடறது. அதைச் செய்யாதீங்க. ஈயம் மக்காது, மண்ணை விட்டுப் போகாது. கீரைப் பாத்தியில் விழுந்தால் பேத்தியின் தட்டுக்கே திரும்பி வரும். பெயிண்ட் அடிச்ச பழைய மரத்தை அடுப்பில் எரிக்கறதும், அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடறதும் அப்படித்தான். பிரஷ் கழுவின தண்ணியையும் வாய்க்காலில் ஊத்தக் கூடாது. 2016 திடக்கழிவு விதிகளில், காலிப் பெயிண்ட் டப்பாவையும் பூச்சிமருந்து டப்பாவையும் வீட்டு அபாயக் கழிவுன்னு ஒரே வரிசையில்தான் வச்சிருந்தாங்க. பூச்சிமருந்து டப்பாவை வாசல் தாண்ட விடாத நாம, இந்த டப்பாவில் குழம்புச் செடி வளர்க்கிறோம். சில்லையெல்லாம் ரெட்டைப் பையில் கட்டி, தனியாக எழுதி ஒட்டி, குப்பை வாங்க வர்றவங்ககிட்ட சொல்லிக் கொடுத்தோம்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு

பழைய அறைகளில் இருந்த பெயிண்ட், பட்டி எல்லாத்தையும் காரை தெரியச் சுரண்டினோம். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதனால் இந்த வேலையைத் தப்பிக்க முடியாது. சிமெண்ட் வச்சு ஒட்டியிருந்த இடங்களையும் எடுத்துட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினோம். ரெண்டு வாரம் காய விட்டோம்.

வேதாரண்யம் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு 60 கிலோ வந்தது. பெரிய கொத்தனார் நீத்துற விதத்தைச் சொல்லிக் கொடுத்தார்:

சுட்ட சுண்ணாம்பை நீத்தும்போது தொட்டியில் முதலில் தண்ணி, அதில் கொஞ்சம் கொஞ்சமாச் சுண்ணாம்பு. மாத்திச் செய்யக் கூடாது. கொதிச்சுத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிள்ளைகள் கிட்டேயே வரக் கூடாது. கண்ணில் பட்டால் நிறைய நல்ல தண்ணியில் கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நீத்தினதைத் தண்ணிக்குள்ளேயே ஒரு வாரம் ஊற விடணும். நாள் ஆக ஆக வெண்ணெய் மாதிரி ஆகும்.

அதைக் கரைச்சு வேட்டித்துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கொண்டு வரணும். கெட்டியா அடிச்சா வெடிச்சு உதிரும். பிடிப்புக்குக் கொஞ்சம் வடிகஞ்சியோ, ஊற வச்ச வேலம் பிசினோ. கண்ணுக்கு வெள்ளையாத் தெரிய ஒரு சிட்டிகை நீலம்.

சுவரில் தண்ணி தெளிச்சு நனைச்ச பிறகுதான் அடிக்கணும். ஒரு தடவை மேலும் கீழுமா, அடுத்த தடவை குறுக்கே. மூணு தடவையாவது வேணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி.

முதல் கை அடிச்சதும் ஒண்ணுமே தெரியல. சுவர் நனைஞ்ச மாதிரிதான் இருந்தது. “இதுக்கா இவ்வளவு பாடு?”ன்னு மகன் முணுமுணுத்தான். மறுநாள் காலையில் காய்ஞ்சு வெளுத்திருந்தது. மூணாவது கைக்கு அப்புறம் கூடத்தில் விளக்கு போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். சுண்ணாம்பு காத்தில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் கல்லாவே மாறுது, அதனாலதான் நாளாக நாளாகப் பிடிப்பு கூடுது. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை வளர மாட்டேங்குது. அந்தக் காரம் மெல்ல மெல்லக் குறையும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை அடிச்சாங்களே, காரணத்தோடதான் அடிச்சிருக்காங்க.

சிமெண்ட் சுவருக்கு நல்ல பெயிண்ட்

எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்புன்னு நான் சொல்ல வரல. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு துடைக்கணும், பிள்ளைகள் சாஞ்சா சட்டையில் ஒட்டக்கூடாது. சிமெண்டில் கட்டின ரெண்டு அறைக்கும் பிரைமர் அடிச்சு, நல்ல எமல்ஷன் ரெண்டு கோட் ஓட்டினோம். ஜன்னலுக்கு ஈயம் இல்லாத எனாமல், டப்பாவில் எழுதியிருக்கான்னு படிச்சுப் பார்த்து வாங்கினது.

வாங்கும்போது நான் இப்போ பார்க்கிறது இவ்வளவுதான். டப்பாவில் ஈய அளவு எழுதியிருக்கா, தேதி, பேட்ச் எண் இருக்கா? எமல்ஷனுக்கு ஐஎஸ் 15489ன்னு ஒரு இந்தியத் தர எண் இருக்கு, அது போட்டிருக்கா? அப்புறம் வீட்டிலேயே ஒரு சோதனை. முதலில் ஒரு சின்ன டப்பா மட்டும் வாங்கி, பழைய செய்தித்தாளில் ரெண்டு கோட் அடிச்சுக் காய விடுங்க. கொட்டை எழுத்து மறையுதான்னு பாருங்க. சுவரில் ஒரு முழம் அடிச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு கறுப்புத் துணியால் தேயுங்க. துணியில் மாவு ஒட்டினா அந்த பக்கெட் நமக்கு வேண்டாம். நெடி கம்மியா இருக்கிற வகையாக் கேளுங்க. எதை அடிச்சாலும் ஜன்னலைத் திறந்து வச்சு, நெடி முழுக்கப் போன பிறகு குழந்தையைப் படுக்க வையுங்க.

சாணிப் பெயிண்ட் பற்றியும் கேட்கிறாங்க. காதி கிராமத் தொழில் ஆணையம் 2021 ஜனவரியில் கொண்டு வந்தது. நம்ம மாட்டுச் சாணிக்கு மதிப்பு வருதுன்னா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா இயற்கைன்னு பேர் போட்டிருக்குன்னு சோதனையை விட்டுடாதீங்க. செய்தித்தாளும் கறுப்புத் துணியும் அதுக்கும் உண்டு.

கணக்கு

பத்திரிகையில் கணக்கு கொடுக்காம எழுதினா நீங்க விட மாட்டீங்க. என் நோட்டில் இருக்கிறது இது.

2019இல் மலிவு எமல்ஷன் மூணு பக்கெட் 5,700 ரூபாய். வாசல் கதவு, உள் கதவுகளுக்கு எனாமல் 900. பட்டி 1,200. கூலி ரெண்டு ஆள், பத்து நாள், ஆளுக்கு 750 வீதம் 15,000. மொத்தம் 22,800. நின்னது ரெண்டு மழைக்காலம். வருஷத்துக்கு 11,400.

2021இல் சுண்ணாம்பு 1,080. காரை வேலைக்குச் சாமான் 3,500. நல்ல எமல்ஷன் பத்து லிட்டர் 4,200. பிரைமர் 900. எனாமல் 1,050. கூலி ரெண்டு ஆள், ஒன்பது நாள், 850 வீதம் 15,300. மொத்தம் 26,030. (புது ஜன்னல் கதவுச் செலவை இதில் சேர்க்கல. சுண்ணாம்பு அடிச்சது நாங்களே.) அதுக்கப்புறம் நாலு பொங்கலுக்கு ஒரு கை சுண்ணாம்பு, தடவைக்கு 700. அஞ்சு மழைக்காலம் தாண்டியாச்சு, ஒரு கொப்புளம் இல்ல. வருஷத்துக்கு 5,800க்கும் கீழே.

ரெண்டு கணக்கிலும் கூலியைப் பாருங்க. ஏறக்குறைய ஒண்ணுதான். மட்டமான பெயிண்டை அடிக்கிற ஆளுக்கும் அதே நாள், அதே கூலி. செலவில் பெரும்பங்கு கூலி, அதில் ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்க முடியாது. பக்கெட்டில் மிச்சம் பிடிச்ச காசு, ரெண்டே வருஷத்தில் ரெண்டாவது கூலியாப் போயிடும். மட்டமான விதையை வாங்கி, உழவும் நடவும் களையும் முழுசாச் செலவு பண்ற மாதிரிதான் இது.

முளைக்காத விதைக்கும், பிள்ளை ரத்தத்தில் ஏறின ஈயத்துக்கும் நோட்டில் பத்தி இல்ல.

இப்போ

விதை அறையில் அந்த வாடை போயிடுச்சு. மூட்டைகளையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகை மேல் வைக்கப் பழகிட்டோம். 2022 வைகாசியில் முளைப்பு பார்த்தப்போ நூத்துக்கு 88. அந்த வருஷம் மூணு பேருக்குப் பூங்கார் விதை கொடுத்தேன்.

பேத்திக்கு டாக்டர் இரும்புச்சத்து மருந்து கொடுத்தார். கேழ்வரகு, கீரை, பால் நல்லாக் கொடுக்கச் சொன்னார். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ அளவு 4க்கு இறங்கியிருந்தது. இப்போ பள்ளிக்கூடம் போறாள். நல்லாத்தான் படிக்கிறாள். ஆனாலும் ஒரு கணக்கு தப்பாப் போட்டுட்டு நிமிர்ந்து பார்த்தாள்னா எனக்கு உள்ளே ஒரு நிமிஷம் திக்குங்குது. அது என்னோட இருக்கும்.

பெயிண்டர் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்ல. நான் கேட்டிருந்தா அவர் சொல்லியிருப்பார். சுண்ணாம்பு அடிக்க ஆள் இல்லைன்னு சொன்னவர், எங்க வீட்டு வேலையில் பெரிய கொத்தனார்கிட்ட நின்னு கத்துக்கிட்டார். போன தையில் பக்கத்து ஊர் பழைய வீடு ரெண்டுக்கு அவர்தான் சுண்ணாம்பு அடிச்சார்.

நண்பர்களே, இந்தத் தைக்கு வீட்டுக்கு என்ன அடிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பாருங்க. சுண்ணாம்புச் சுவரா, சிமெண்ட் சுவரான்னு தெரிஞ்சுக்குங்க. அப்புறம் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருக்கிறதைப் படிங்க. கொட்டகையில் மிச்சம் கிடக்கிற மஞ்சள் டப்பா கொட்டகையிலேயே இருக்கட்டும்.